2 கோடி டாலர் தீர்ப்பு... ஆனா வசூலிக்க முடியல! எல்லை தாண்டினால் கோர்ட் தீர்ப்பு என்ன ஆகும்? முழு விளக்கம்

வழக்குப் போட்டாச்சு. ஜெயிச்சாச்சு. 2 கோடி டாலர் இழப்பீடு தரணும்னு தீர்ப்பும் வந்தாச்சு. ஆனால் அந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு நாட்டுக்குப் போனபோது, "இது இங்கே செல்லாது" என்று அந்த நாட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இப்படித் திரும்பி வந்தது ஏதோ சின்ன கம்பெனி இல்லை. 'ஸ்டார் வார்ஸ்' படங்களைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம். எதிரில் நின்றவர், லண்டனின் ட்விக்கன்ஹாம் பகுதியில் பட்டறை வைத்து பிளாஸ்டிக் பொருட்களை வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்.

பாட்டு, படம், சாஃப்ட்வேர், டிசைன், பிராண்ட் பெயர் என எதுவும் இன்று ஒரே கிளிக்கில் நாடு தாண்டிப் போய்விடுகிறது. அதைத் திருடியவரும் எந்த நாட்டிலும் இருக்கலாம். ஆனால் கோர்ட் தீர்ப்பு மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. ஏன் இப்படி? அறிவுசார் சொத்துரிமை வழக்கில் ஜெயித்தவர் வெளிநாட்டில் என்ன செய்ய முடியும்? இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஹெல்மெட்டுக்கு என்ன வழக்கு?

'ஸ்டார் வார்ஸ்' முதல் படம் 1977-ல் வெளியானது. அதில் வெள்ளைக் கவசமும் வெள்ளை ஹெல்மெட்டும் அணிந்து வரும் 'ஸ்டார்ம்ட்ரூப்பர்' வீரர்களை, படம் பார்க்காதவர்களுக்கும் பார்த்தால் அடையாளம் தெரியும்.

அந்த ஹெல்மெட்டை முதலில் ஓவியமாகக் கற்பனை செய்தவர் ரால்ஃப் மெக்குவாரி. அதை வைத்துக் களிமண் மாதிரி செய்யப்பட்டது. அந்த மாதிரியைப் பார்த்து, 1976-ல் பிளாஸ்டிக்கில் வார்த்துக் கொடுத்தவர்தான் ஐன்ஸ்வொர்த்.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2004-ல் அவர் தன்னிடம் இருந்த பழைய அச்சுக் கருவிகளை வெளியே எடுத்தார். அதே ஹெல்மெட், அதே கவசம் எனப் புதிதாகச் செய்து, இணையதளம் மூலம் ரசிகர்களுக்கு விற்க ஆரம்பித்தார். அமெரிக்காவுக்கும் சில பார்சல்கள் போயின. அங்கே விற்றது எவ்வளவு தெரியுமா? குறைந்தது 8,000 டாலர், அதிகபட்சம் 30,000 டாலர் என்று பின்னர் பிரிட்டன் நீதிமன்றம் கணக்கிட்டது.

லூகாஸ்ஃபிலிம் சும்மா இருக்குமா? பதிப்புரிமை, டிரேட்மார்க் மீறல் என்று கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. ஐன்ஸ்வொர்த் அங்கே போய் வாதாடவில்லை. எதிர்த்தரப்பு வராமலேயே 2006-ல் தீர்ப்பு வந்தது. இழப்பீடு 2 கோடி டாலர். அதில் 1 கோடி டாலர், அமெரிக்க டிரேட்மார்க் சட்டப்படி மூன்று மடங்காக்கப்பட்ட தொகை.

30,000 டாலரைத் தாண்டாத விற்பனைக்கு 2 கோடி டாலர் இழப்பீடு! சரி, அதை வசூலிப்பது எப்படி? ஐன்ஸ்வொர்த்துக்கு அமெரிக்காவில் வீடும் இல்லை, கடையும் இல்லை. இருந்ததெல்லாம் லண்டனில்தான். எனவே லூகாஸ்ஃபிலிம் லண்டன் வர வேண்டியதாயிற்று.

பிரிட்டன் ஏன் ஏற்கவில்லை?

இங்கேதான் அடிப்படையான ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாட்டு நீதிமன்றத்தின் உத்தரவு, அந்த நாட்டு எல்லைக்குள்தான் தானாக நடக்கும். கலிஃபோர்னியா நீதிபதியின் உத்தரவைப் பார்த்து லண்டனில் யாரும் ஜப்தி செய்ய வர மாட்டார்கள். அங்கே ஜப்தி நடக்க வேண்டுமானால், அந்த நாட்டு நீதிமன்றம் "ஆமாம், இந்தத் தீர்ப்பை நாங்கள் ஏற்கிறோம்" என்று சொல்ல வேண்டும்.

எப்போது ஏற்பார்கள்? அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே இதற்கான ஒப்பந்தம் அப்போது இல்லை. எனவே பிரிட்டனின் பழைய பொதுச் சட்ட விதிதான் பொருந்தியது. அந்த விதி கேட்பது இரண்டே கேள்விகள்.

ஒன்று, வழக்குப் போடப்பட்ட நேரத்தில் பிரதிவாதி அந்த வெளிநாட்டில் இருந்தாரா? இரண்டு, இல்லாவிட்டாலும், அந்த நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு அவராகவே உட்பட்டாரா?

ஐன்ஸ்வொர்த் விஷயத்தில் இரண்டுக்குமே பதில் 'இல்லை'. "ஏன், வெப்சைட் மூலம் அமெரிக்காவில் விற்றாரே, அது போதாதா?" என்று லூகாஸ்ஃபிலிம் தரப்பு வாதிட்டது. போதாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். ஒரு நாட்டில் இருந்து பார்க்க முடிகிற வெப்சைட் வைத்திருப்பதும், அந்த நாட்டில் ஆளாக இருப்பதும் ஒன்றல்ல என்பது அதன் நிலைப்பாடு.

யோசித்துப் பாருங்கள். வெப்சைட் வைத்திருந்தாலே அந்த நாட்டில் இருப்பதாக அர்த்தம் என்றால், வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் பொருள் விற்கிற ஒவ்வொருவரும் உலகத்தில் உள்ள எல்லா நாட்டு கோர்ட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மும்மடங்கு இழப்பீட்டுக்கும் தனியாக ஒரு தடை இருந்தது. இப்படிப் பெருக்கப்பட்ட இழப்பீடுகளை வசூலித்துத் தர பிரிட்டனின் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அனுமதிப்பதில்லை. நஷ்டத்துக்கு ஈடு வேறு, தண்டனை வேறு. வெளிநாட்டுத் தண்டனையை நாங்கள் நிறைவேற்ற மாட்டோம் என்பது பல நாடுகள் கடைப்பிடிக்கும் கொள்கை.

ஆக, 2 கோடி டாலர் தீர்ப்பு லண்டனில் ஏட்டுச் சுரைக்காய் ஆனது.

ஆனால் கதையில் ஒரு திருப்பம்

லூகாஸ்ஃபிலிம் பழைய தீர்ப்பை மட்டும் நம்பி லண்டனுக்கு வரவில்லை. "தீர்ப்பை ஏற்காவிட்டால் பரவாயில்லை. அமெரிக்காவில் எங்கள் அமெரிக்கப் பதிப்புரிமையை இவர் மீறியிருக்கிறார். அந்த வழக்கை நீங்களே விசாரியுங்கள்" என்றும் கேட்டிருந்தது. கூடவே, பிரிட்டன் சட்டப்படியும் இது மீறல்தான் என்று சொன்னது.

வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜூலை 27-ல் தீர்ப்பு வந்தது. அதில் ஆளுக்குப் பாதி வெற்றி.

பிரிட்டன் சட்டப்படி ஐன்ஸ்வொர்த் ஜெயித்தார். ஹெல்மெட்டை 'சிற்பம்' என்று சொன்னால்தான் லூகாஸ்ஃபிலிம் கேட்ட பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் அது சிற்பம் அல்ல, படப்பிடிப்பில் பயன்படுத்தச் செய்யப்பட்ட பொருள் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே பிரிட்டனில் அவர் ஹெல்மெட் செய்வதைத் தடுக்க முடியவில்லை.

அமெரிக்கப் பதிப்புரிமை விஷயத்தில் லூகாஸ்ஃபிலிம் ஜெயித்தது. பிரதிவாதி பிரிட்டனில் வசிப்பவர் என்றால், வெளிநாட்டில் நடந்த பதிப்புரிமை மீறலையும், அந்த வெளிநாட்டுச் சட்டத்தை வைத்தே பிரிட்டன் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

ஒரே ஆள், ஒரே ஹெல்மெட். ஒரு நாட்டில் செய்தால் குற்றமில்லை, இன்னொரு நாட்டுக்கு அனுப்பினால் மீறல். இந்த முரண்தான் அறிவுசார் சொத்துரிமையின் இயல்பே.

அறிவுசார் சொத்துரிமைக்கு மட்டும் ஏன் இவ்வளவு சிக்கல்?

கடன் பாக்கி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் கடன் வாங்கினால் எந்த நாட்டில் இருந்தாலும் அது 10 லட்சம் கடன்தான். ஆனால் பதிப்புரிமை, பேட்டன்ட், டிரேட்மார்க் எல்லாம் அப்படி இல்லை. இவை ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தால் தன் எல்லைக்குள் கொடுக்கும் உரிமைகள். இந்தியாவில் பேட்டன்ட் வாங்கினால் அது இந்தியாவுக்குத்தான். ஜெர்மனியில் வேண்டும் என்றால் அங்கேயும் பெற வேண்டும்.

"அப்போ உலக ஒப்பந்தங்கள் எதுக்கு இருக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

1883-ல் பாரிஸ் ஒப்பந்தம், 1886-ல் பெர்ன் ஒப்பந்தம், 1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் 'ட்ரிப்ஸ்' ஒப்பந்தம் என்று பல உண்டு. இவற்றின் வேலை வேறு. "உன் நாட்டில் வெளிநாட்டுப் படைப்பாளிக்கும் பாதுகாப்புக் கொடு, வழக்குப் போட வழி வை" என்று இவை நாடுகளைக் கட்டாயப்படுத்துகின்றன. "இன்னொரு நாட்டு கோர்ட் தீர்ப்பை ஏற்று நிறைவேற்று" என்று கட்டாயப்படுத்துவதில்லை.

அதற்கான உலக ஒப்பந்தம் 2019 ஜூலை 2-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உருவானது. சிவில் மற்றும் வணிகத் தீர்ப்புகளை ஒரு நாடு இன்னொரு நாட்டில் ஏற்பதற்கான ஒப்பந்தம் அது. ஐரோப்பிய யூனியனுக்கும் உக்ரைனுக்கும் இடையே 2023 செப்டம்பர் 1 முதலும், பிரிட்டனுக்கு 2025 ஜூலை 1 முதலும் நடைமுறைக்கு வந்தது. இந்தியா இதில் சேரவில்லை.

சேர்ந்திருந்தாலும் இந்த விஷயத்தில் பயன் இருந்திருக்காது. காரணம், அந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாத விஷயங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. குடும்ப வழக்குகள், அவதூறு வழக்குகள் ஆகியவற்றுடன் அறிவுசார் சொத்துரிமையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

விதிவிலக்கு ஐரோப்பிய யூனியன். அங்கே ஓர் உறுப்பு நாட்டின் தீர்ப்பு, தனி அனுமதி எதுவும் வாங்காமலே மற்ற உறுப்பு நாடுகளில் நிறைவேற்றப்படும். 2015 ஜனவரியில் இருந்து இதுதான் நடைமுறை. ஐரோப்பிய நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி மேலே போனது. பிரதிவாதி எந்த உறுப்பு நாட்டில் இருக்கிறாரோ, அந்த நாட்டு நீதிமன்றம் மற்ற நாடுகளின் பேட்டன்ட் மீறலையும் சேர்த்து விசாரிக்கலாம் என்று, பிஎஸ்ஹெச் - எலக்ட்ரோலக்ஸ் வழக்கில் சொன்னது.

ஐரோப்பாவுக்கு வெளியே? ஒவ்வொரு நாட்டுக் கதவையும் தனித்தனியாகத் தட்டத்தான் வேண்டும்.

சின்ன கம்பெனி பாதிக்கப்பட்டால்?

ஹெல்மெட் வழக்கைப் படித்தால், "பெரிய கம்பெனியிடம் இருந்து ஒரு தனி மனிதர் தப்பித்தார், நல்லதுதானே?" என்று தோன்றும். ஆனால் நாணயத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதைக் காட்டுவது கனடா வழக்கு.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஈக்வஸ்டெக் என்ற சிறிய தொழில்நுட்ப நிறுவனம். தொழிற்சாலை இயந்திரங்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் கருவிகளைத் தயாரித்தது. அதன் பொருட்களை விற்றுக்கொண்டிருந்த டேட்டாலிங்க் என்ற நிறுவனம், அந்தக் கருவிக்குத் தன் பெயரை ஒட்டி விற்றது, தொழில் ரகசியங்களைப் பெற்றுப் போட்டிக் கருவியும் தயாரித்தது என்று 2011-ல் வழக்குப் போடப்பட்டது.

நீதிமன்றம் தடை போட்டது. டேட்டாலிங்க் என்ன செய்தது? மாகாணத்தை விட்டே கிளம்பிவிட்டது. எங்கே இருக்கிறது என்றே தெரியாத இடத்தில் இருந்து ஆன்லைனில் வியாபாரத்தைத் தொடர்ந்தது. உத்தரவு மேல் உத்தரவு வந்தும் பயனில்லை.

வேறு வழியில்லாமல் ஈக்வஸ்டெக் கூகுளிடம் போனது. 345 பக்கங்களைத் தேடல் முடிவில் இருந்து கூகுள் நீக்கியது. ஆனால் கனடா தளத்தில் மட்டும். டேட்டாலிங்க் அந்தச் சரக்கை வேறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டது. மற்ற நாட்டு கூகுளில் எல்லாமே அப்படியே தெரிந்தது.

2014-ல் மாகாண நீதிமன்றம், உலகம் முழுவதும் அந்தத் தளங்களைத் தேடலில் இருந்து நீக்க கூகுளுக்கு உத்தரவிட்டது. 2017 ஜூன் 28-ல் கனடா உச்ச நீதிமன்றமும் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை உறுதி செய்தது. இணையத்துக்கு எல்லை இல்லாதபோது, பலன் தர வேண்டும் என்றால் உத்தரவும் உலகளவில்தான் இருக்க வேண்டும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் பார்வை.

கூகுள் அமெரிக்காவில் கலிஃபோர்னியா ஃபெடரல் நீதிமன்றத்தை அணுகியது. அதே 2017 நவம்பரில், அந்தக் கனடா உத்தரவை அமெரிக்காவில் நிறைவேற்ற முடியாதபடி அந்த நீதிமன்றம் தடை விதித்தது. மற்றவர்கள் போடும் உள்ளடக்கத்துக்கு இணைய நிறுவனங்களைப் பொறுப்பாக்காத அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பு, கனடா உத்தரவால் பறிபோகிறது என்பதே காரணம். 2018-ல் கூகுள் மீண்டும் கனடா நீதிமன்றத்துக்கு வந்து உத்தரவை மாற்றச் சொன்னது. அங்கே மறுத்துவிட்டார்கள்.

அதாவது, ஒரே விஷயத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு உத்தரவுகள். ரெண்டுமே அதனதன் நாட்டில் செல்லும்!

முதலில் சொன்ன எல்லை, ஐன்ஸ்வொர்த்துக்குக் கேடயமாக இருந்தது. அதே எல்லைதான் ஈக்வஸ்டெக்குக்குக் குழியானது.

வெளிநாட்டுத் தீர்ப்பை அமெரிக்கா ஏற்குமா?

ஏற்பது உண்டு. ஆனால் பொறுமை வேண்டும்.

ஓவியர் பிக்காசோவின் படைப்புகளைப் புகைப்படம் எடுத்து வெளியிட்ட பிரபலமான தொகுப்பு ஒன்று உண்டு. செர்வோஸ் தொகுப்பு என்பார்கள். அந்தப் படங்களை அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர் தன் புத்தகங்களில் பயன்படுத்தினார். தொகுப்பின் உரிமையாளர் பிரான்ஸில் 1996-ல் வழக்குப் போட்டார். 2001-ல் ஜெயித்தார். இனி மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் இவ்வளவு என்று நீதிமன்றம் தொகை நிர்ணயித்தது. மீறல் தொடர்ந்ததாகச் சொல்லி, 2012-ல் 20 லட்சம் யூரோ தர பாரிஸ் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதை வசூலிக்க கலிஃபோர்னியா போனபோது இரண்டு பெரிய தடைகள் வந்தன.

முதல் தடை, "இது இழப்பீடா, தண்டனையா?" என்பது. தண்டனை என்றால் வசூலிக்க முடியாது. இந்த வழக்கில் இது தண்டனை அல்ல என்று 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

இரண்டாவது தடை, "இது எங்கள் நாட்டுப் பொதுக்கொள்கைக்கு எதிரானதா?" என்பது. அமெரிக்கச் சட்டத்தில் 'நியாயமான பயன்பாடு' என்ற விதிவிலக்கு உண்டு. விமர்சனம், கல்வி போன்றவற்றுக்காக அனுமதி இல்லாமலும் ஓரளவு பயன்படுத்தலாம். அந்தப் பயன்பாடு அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது, எனவே பிரெஞ்சுத் தீர்ப்பு செல்லாது என்றது கீழ் நீதிமன்றம். இல்லை, இது நியாயமான பயன்பாடே அல்ல என்று 2022 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தியது.

1996-ல் தொடங்கிய வழக்கு 2022-லும் கோர்ட் படி ஏறிக்கொண்டிருந்தது. 26 வருஷம்!

அமெரிக்காவில் இன்னொரு விஷயமும் கவனிக்கணும். வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்பதற்கு அங்கே நாடு முழுவதற்குமான ஒரே பொதுச் சட்டம் இல்லை. பெரும்பாலும் மாநிலச் சட்டம்தான். கலிஃபோர்னியா விதி வேறு, நியூயார்க் விதி வேறு.

இந்தியாவில் என்ன நிலைமை?

இப்போது நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டில் ஒருவர் உங்கள் மீது பதிப்புரிமை வழக்கில் தீர்ப்பு வாங்கிவிட்டார். அது இங்கே செல்லுமா? இதற்கான பதில் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இரண்டு பிரிவுகளில் இருக்கிறது.

முதலில் 44ஏ பிரிவு. சில நாடுகளை 'பரஸ்பர நாடுகள்' என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், நியூசிலாந்து, வங்கதேசம் போன்றவை இந்தப் பட்டியலில் உள்ளன. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் சேர்ந்தது. இந்த நாடுகளின் உயர் நிலை நீதிமன்றத் தீர்ப்பு என்றால், சான்றளிக்கப்பட்ட நகலை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, உள்ளூர்த் தீர்ப்பு போலவே நிறைவேற்றக் கேட்கலாம்.

ஆனால் இதில் ஒரு பிடி இருக்கிறது. 44ஏ பிரிவு பணம் தரச் சொல்லும் தீர்ப்புகளுக்கு மட்டும்தான். வரி, அபராதம், தண்டனைத் தொகை இதில் வராது. "இனிமேல் அந்தப் பொருளை விற்காதே" என்ற தடை உத்தரவும் வராது. அறிவுசார் சொத்துரிமை வழக்கில் பலருக்கும் பணத்தைவிட முக்கியம் அந்தத் தடை உத்தரவுதான் என்பதை யோசித்தால், இது எவ்வளவு பெரிய இடைவெளி என்று புரியும்.

அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்கத் தீர்ப்பு கையில் இருந்தால், அதை ஆதாரமாக வைத்து இங்கே புதிதாக ஒரு வழக்குப் போட வேண்டும். தீர்ப்புத் தேதியில் இருந்து 3 ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டம்.

எந்த நாட்டுத் தீர்ப்பாக இருந்தாலும் 13-ஆவது பிரிவின் 6 சோதனைகளையும் தாண்ட வேண்டும். கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது.

1. தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை.
2. வழக்கின் உண்மைகளை ஆராயாமல் தீர்ப்பு சொல்லப்பட்டது.
3. சர்வதேசச் சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டது, அல்லது பொருந்த வேண்டிய இந்தியச் சட்டத்தை ஏற்க மறுத்தது.
4. இயற்கை நீதிக்கு எதிரானது. உதாரணமாக, எதிர்த்தரப்புக்கு முறையாக நோட்டீஸே போகவில்லை.
5. மோசடி செய்து வாங்கிய தீர்ப்பு.
6. இந்தியச் சட்டத்தை மீறிய ஒரு கோரிக்கையை ஏற்ற தீர்ப்பு.

இரண்டாவது சோதனைதான் பல வெளிநாட்டுத் தீர்ப்புகளுக்கு வேகத்தடை. எதிர்த்தரப்பு வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, சாட்சி, ஆவணம் எதையும் பார்க்காமல் கொடுத்த தீர்ப்பு 'உண்மைகளை ஆராய்ந்த' தீர்ப்பு ஆகாது என்று 2001-ல் இன்டர்நேஷனல் வூலன் மில்ஸ் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆவணங்களைப் பரிசீலித்து எழுதப்பட்ட தீர்ப்பு என்றால், நீங்கள் போகவில்லை என்பதற்காக மட்டும் தப்பிக்க முடியாது.

அதனால, வெளிநாட்டு கோர்ட் நோட்டீஸ் வந்தால் "அவங்க நம்மள என்ன பண்ணிட முடியும்"னு குப்பையில் போட்டுடாதீங்க. போகலாமா, வேண்டாமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்வதே நல்லது. போய் வாதாடினால், அந்த கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்றதாக ஆகிவிடலாம். போகாவிட்டால் உங்கள் பக்கத்தைச் சொல்ல ஆளில்லாமல் போகலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு.

திருட்டு வெப்சைட்டை மட்டும் எப்படி முடக்குகிறார்கள்?

"எங்கேயோ இருக்கிற பைரசி சைட்டை நம்ம கோர்ட் பிளாக் பண்ணுதே, அது எப்படி?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கே நடப்பது வேறு. வெளிநாட்டில் இருக்கும் ஆளை நீதிமன்றம் தொடவில்லை. இந்தியாவில் இருக்கும் இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவு போடுகிறது. கதவை அங்கே பூட்ட முடியாததால், இங்கே ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

2012-ல் தனுஷ் நடித்த '3' படத்துக்காக, பெயர் தெரியாத நபர்களுக்கும் பொருந்தும் தடை உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்தது. அதை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் முழு வெப்சைட்டுகளையே முடக்கிவிட்டன. சம்பந்தமே இல்லாத வீடியோக்களும் தெரியாமல் போயின. அந்த ஆண்டு ஜூனில், திருட்டுப் படம் இருக்கும் குறிப்பிட்ட இணைப்புகளை மட்டும் முடக்கினால் போதும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

2019 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அடுத்த கட்டத்துக்குப் போனது. ஒரு திருட்டுத் தளத்தை முடக்கினால் வேறு பெயரில் அதே தளம் முளைக்கிறது. ஒவ்வொரு தடவையும் புது வழக்குப் போடாமல், முளைக்கும் நகல் தளங்களையும் அதே உத்தரவுக்குள் கொண்டுவரும் முறையை அது அனுமதித்தது.

இதில் ஒரு குறை உண்டு. இந்தியாவில் பார்ப்பது தடைபடும். தளத்தை நடத்துபவரிடம் இருந்து ஒரு ரூபாய் இழப்பீடும் வராது.

படைப்பாளிகளும் சின்ன கம்பெனிகளும் என்ன செய்யலாம்?

* வழக்குப் போடும் முன்பே சொத்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எதிர்த்தரப்பின் வீடு, வங்கிக் கணக்கு, குடோன் எந்த நாட்டில் இருக்கிறதோ, அங்கேயே வழக்குப் போடுவது பல நேரங்களில் செலவு குறைவான வழி. லூகாஸ்ஃபிலிமுக்குக் கடைசியில் கிடைத்த வெற்றியும் ஐன்ஸ்வொர்த்தின் சொந்த நாட்டு கோர்ட்டில்தான்.

* ஒப்பந்தம் போடும்போதே நடுவர் தீர்ப்பாய விதியைச் சேருங்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்க 1958-ஆம் ஆண்டு நியூயார்க் ஒப்பந்தம் இருக்கிறது. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. இந்தியாவும் ஒன்று. கோர்ட் தீர்ப்பைவிட நடுவர் தீர்ப்பு எளிதாக எல்லை தாண்டும். ஆனால் ஒப்பந்தமே இல்லாத திருடரிடம் இது பலிக்காது.

* முக்கியமான சந்தைகளில் டிரேட்மார்க்கைத் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். அங்கே உரிமை இருந்தால்தான் அங்கே வழக்குப் போட முடியும்.

* உங்கள் பிராண்ட் பெயரில் யாராவது டொமைன் வாங்கி வைத்திருந்தால் கோர்ட்டுக்கே போக வேண்டியதில்லை. டாட் காம் போன்ற முகவரிகளுக்கு 1999 முதல் தனிப் புகார் முறை இருக்கிறது. உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் நடுவர் மையத்தில் புகார் கொடுக்கலாம். டொமைனை உங்கள் பெயருக்கு மாற்றவோ, ரத்து செய்யவோ அங்கே உத்தரவு கிடைக்கும்.

* போலிப் பொருட்கள் வெளிநாட்டில் இருந்து வந்தால், சுங்கத் துறையில் உங்கள் உரிமையைப் பதிவு செய்து வைக்கலாம். 2007-ஆம் ஆண்டு விதிகளின்படி துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்திவைக்க முடியும்.

* தீர்ப்பு வாங்கும்போது எதிர்த்தரப்புக்கு முறையாக நோட்டீஸ் போனதற்கான ஆதாரம், ஆவணங்களை நீதிபதி பரிசீலித்ததற்கான பதிவு இரண்டும் இருப்பதை உறுதி செய்யுங்கள். நாளைக்கு வேறு நாட்டு கோர்ட் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

சுருக்கமா சொல்லணும்னா...

வெளிநாட்டுத் தீர்ப்பை ஒரு நாடு கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால், போகாத ஊரில் நடந்த வழக்குக்காக ஒரு சாதாரண மனிதர் வீட்டை இழக்க நேரிடும். எதையுமே ஏற்காவிட்டால், திருடியவர் எல்லையைத் தாண்டினாலே தப்பித்துவிடுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டை ஒவ்வொரு நாடும் ஒவ்வோர் இடத்தில் போட்டிருப்பதுதான் இன்றைய சிக்கல்.

அறிவுசார் சொத்துரிமைத் தீர்ப்புகளுக்கென்று உலக நாடுகள் ஒரு பொது ஒப்பந்தத்துக்கு வரும்வரை, உங்கள் உரிமை நிஜமாகவே காப்பாற்றப்படுமா என்பதை முடிவு செய்வது, எதிர்த்தரப்பு எந்த நாட்டில் இருக்கிறார், அவருடைய சொத்து எந்த நாட்டில் இருக்கிறது என்பதுதான். வழக்குப் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஜெயிப்போமா?" என்பது மட்டும் இல்லை. "ஜெயிச்சா, எங்க போய் வசூலிக்கிறது?" என்பதும்தான்.